ஒரு கோரிக்கை, ஏழு லாரி

மே 6, 2025, செவ்வாய்

நான் ஏழு முறை அழுத்தவில்லை. ஒரு முறை அழுத்தினேன். நெய்தல் நகரின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் இன்று வேறு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதனால் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

நடந்தது இதுதான். சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்குப் பொதுத் தொட்டியில் கம்பை விட்டு அளந்தேன். ஒரு சாண் தண்ணீர் இருந்தது. லாரித் தண்ணீருக்குச் சொல்வது குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வேலை. பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். முன்பெல்லாம் எளாவூர் துளசிராமனுக்குப் போன் செய்வேன், அவர் அனுப்புவார். பிப்ரவரியிலிருந்து அந்தப் பக்கத்து டேங்கர்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வலைப்பக்கம் வைத்திருக்கிறார்கள். போனில் அதைத் திறந்து, என் எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைப் போட்டு, எத்தனை லிட்டர் என்று தேர்ந்தெடுத்து, 'அனுப்பு' என்பதை அழுத்த வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர், ஒரு லாரி. அழுத்தினேன். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது, வெகு நேரம் சுற்றியது. பிறகு 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று வந்தது. போனை வைத்துவிட்டுத் தேநீர் போட்டேன். பத்திரிகை படித்தேன்.

ஒன்பது மணிக்கு ஏழு லாரி வந்தது.

தொட்டி இரண்டைத்தான் கொள்ளும். மீதி ஐந்தும் தெரு முனையிலிருந்து சிப்காட் சாலை வரை நின்றன. ஷிப்ட் பஸ் ஒன்று நுழைய முடியாமல் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகச் சொன்னேன். முதல் ஓட்டுநர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். "ஆர்டர் வந்துகீதும்மா. ஊத்தாம போனா ஓனரு நம்ப மாட்டாரு, வழியில வித்துட்டேன்னுவாரு." ஒருவர் பொறுமையிழந்து குழாயைத் திறந்துவிட்டார். மே மாதத்தில், கும்மிடிப்பூண்டியில், தெருவில் தண்ணீர் ஓடியது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

சங்கத் தலைவர் அருணாச்சலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மேடம் பதட்டத்துல தட்டிக்கினே இருந்திருப்பாங்க. வயசு ஆவுதுல்ல."

நிமிடத்துக்கு அறுபத்தைந்து சொல் அடித்த விரல் இது. பதட்டமாம்.

மே 7

அருணாச்சலம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் விளக்கம் போட்டிருக்கிறார். நான்கு வரி. மூன்று எழுத்துப் பிழை. என் பெயரிலும் ஒன்று.

மே 9, வெள்ளி

தொட்டி மறுபடியும் இறங்கிவிட்டது. வலைப்பக்கத்தைத் திறந்தேன். 'இந்தக் கணக்கிலிருந்து அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வந்துள்ளன. கணக்கு பூட்டப்பட்டுள்ளது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. துளசிராமனுக்குப் போன் செய்தேன்.

"பூட்னது நான் இல்ல மேடம், அதுவே பூட்டிக்கிச்சு. எனுக்கு அத்தத் தொறக்கத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"காக்களூர்ல பிரின்சின்னு ஒரு அம்மா கீது. அதான் செஞ்சி குடுத்துச்சு. எட்டு பேரு போன்லயும் ஆளுக்கு ஒண்ணா ஆர்டர் வந்து வுழுது. ஒருத்தன் கேக்கறது இன்னொருத்தனுக்குத் தெரியாது. நாங்களே பேஜாராகிக் கீறோம். எங்க நைனா இருந்திருந்தா, ஒரு நோட்டும் பென்சிலும் போதும்டா உங்களுக்குன்னு செருப்பால அடிச்சிருப்பாரு."

வண்டி மட்டும் அனுப்புங்கள் என்றேன். பூட்டிய கணக்குக்கு வண்டி விட்டால் மற்ற ஏழு பேரும் தன்னைச் சும்மா விட மாட்டார்கள் என்றார். அருணாச்சலம் வேறெங்கோ சொல்லி ஒரு லாரி வரவழைத்தார். உப்புத் தண்ணீர். பருப்பு வேகவில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

மே 10

மகன் ரிஜ்வான் பெங்களூரிலிருந்து பேசினான். அவனுக்குச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. அருணாச்சலத்தின் மகனும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"உம்மா, நான் குத்தம் சொல்லல. ஒண்ணொண்ணா சேருது, அதத்தான் சொல்றேன். போன வருஷம் என் பொறந்த நாளுக்கு ரெண்டு தடவ வாழ்த்து அனுப்பினீங்க, காலையில ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு. ரம்ஜான் அன்னிக்கு கேஸு எரிஞ்சிக்கினே இருந்திச்சு. இப்ப இது. பக்ரீதுக்கு வரேன். வரும்போது கார்லயே கூட்டிக்கினு வந்துடறேன். ஊட்டப் பூட்டிட்டு வாங்க."

ஊட்டப் பூட்டிட்டு. அவன் வாப்பா 1989-இல் செங்கல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிய வீடு. நாற்பத்தாறு வருடமாக நான் கும்மிடிப்பூண்டியில் யாரையும் கேட்டு எழுந்ததில்லை, யாரையும் கேட்டுப் படுத்ததில்லை. பெங்களூரில் மாடியில் ஓர் அறையாம், அட்டாச்ட் பாத்ரூமாம். அங்கே நான் என்ன செய்வேன்? யார் வீட்டுத் தொட்டியை அளப்பேன்?

கோபத்தில் சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கிறேன்: "நான் ஒரு முறைக்கு மேல் அழுத்தியிருந்தேன் என்று எவராவது நிரூபிக்கட்டும். அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னோடு வருகிறேன். நிரூபிக்க முடியாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது."

சரி என்றான். சீக்கிரமாகவே சரி என்றான்.

மே 12, திங்கள்

வெயில் தாங்கவில்லை. வெளியே போகவில்லை. டெலெக்ஸ் அறை நினைவிலேயே இருந்தேன்.

1979 மார்ச்சில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டெலெக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மொத்தத் தொழிற்சாலையிலும் ஏ.சி. இருந்தது இரண்டு அறைகளில். ஒன்று ஜெனரல் மேனேஜருடையது, மற்றது இயந்திரத்துக்காக டெலெக்ஸ் அறை. இயந்திரத்தின் புண்ணியத்தில் நானும் குளிர்ச்சியாக இருந்தேன். பழவேற்காட்டில் என் பெரியம்மாக்கள், "ஆம்பளைங்க கம்பெனியில ஒரு பொண்ணு தனியா ரூம்ல ஒக்காந்துக்கினு இன்னா பண்றா" என்று கேட்டார்கள். நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் பயந்திருப்பார்கள்.

இங்கே தட்டச்சு செய்வதைக் கம்பி வழியாக வேறு ஊரில் அச்சடிப்பதுதான் டெலெக்ஸ். செய்தியை நேராக அனுப்ப மாட்டோம். முதலில் காகித நாடாவில் துளையிட்டு அடித்துக்கொள்வோம். தப்பு இருந்தால் அந்த நாடாவைக் கிழித்துவிட்டு வேறு அடிப்போம். பிறகு எதிர்முனையை அழைத்து, நாடாவை ஓட்டுவோம். முடிந்ததும் 'நீ யார்' என்று கேட்கும் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் எதிர்முனை இயந்திரம் தானாகவே தன் பெயரை அடித்து அனுப்பும். அங்கே ஆள் இல்லாவிட்டாலும் அனுப்பும். ஆன்சர்பேக் என்று பெயர். அது வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். வராவிட்டால்? அங்கேதான் சிக்கல். செய்தியே போகவில்லையா, அல்லது செய்தி போய் ஆன்சர்பேக் மட்டும் வழியில் தொலைந்ததா? இந்த முனையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே மறுபடியும் அனுப்பியாக வேண்டும். ஆனால் மேலே 'ரிப்பீட்' என்று அடித்து, பழைய செய்தியின் அதே வரிசை எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் எண்ணைப் பார்ப்பார். ஏற்கெனவே வந்த எண் என்றால் கோப்பில் சேர்த்துவிட்டுச் சும்மா இருப்பார். புது எண் என்றால் வேலையைத் தொடங்குவார். இவ்வளவுதான். இதை யாரும் பெரிய அறிவு என்று சொன்னதில்லை. பதினைந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு இயந்திரத்தை மூடும்போது விரல் நுனியெல்லாம் எண்ணெய் வாசம். ஐந்து இருபது ரயில். மகளிர் பெட்டியில் பொன்னேரிப் பூக்காரிகள். வாழ்க்கையில் எல்லாச் செய்திக்கும் பதில் வந்த காலம் அது என்று தோன்றுகிறது. உண்மையில் அப்படி இருந்ததா, தெரியவில்லை.

மே 13

நேற்று எழுதியதை இன்று படித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

1981 ஆகஸ்டில் மண்ணடித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி: விஜயவாடாவுக்கு இருநூறு டிரம் அனுப்பவும். நடுவில் லைன் அறுந்தது. அங்கிருந்த ஆபரேட்டர் மறுபடியும் முழுதாக அனுப்பினார். 'ரிப்பீட்' போடவில்லை. நான் இரண்டு ஆர்டராக எடுத்து டெஸ்பாட்சுக்குக் கொடுத்தேன். நானூறு டிரம் போய்விட்டது. என்னிடம் அறிக்கை கேட்டார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் அந்த ஆபரேட்டர் ஏதோ காரணம் சொல்லிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். டெலெக்ஸ் அறை வாசலில் நின்று, "அறிக்கையில ஒரு கமா கூடத் தப்பு இல்ல. எழுதினது யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவர்தான் சஹாபுதீன், ரிஜ்வானின் வாப்பா. ஒன்றரை வருடம் கழித்துப் பழவேற்காட்டில் என் மாமாவிடம் முறைப்படி ஆள் அனுப்பினார்.

முப்பத்துமூன்று வருடம் அந்த மனுஷனை 'ரிப்பீட் போட மறந்தவர்' என்று கேலி செய்தேன். பிள்ளை முன்னால், உறவினர் முன்னால். சிரிப்பார்.

விட்டது இதுதான். இரண்டு செய்தியிலும் ஒரே வரிசை எண். 417. அன்று ஐந்து இருபது ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பார்க்காமல் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை கோப்பில் வைக்கும்போது பார்த்தேன். அறிக்கை எழுதியது அதற்குப் பிறகு. அறிக்கையில் எண்ணைப் பற்றி எதுவும் இல்லை.

அவர் கையில் அவர் அனுப்பியதன் நகல் இருந்திருக்கும். 417, 417 என்று. அவருக்குத் தெரிந்திருக்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் இறக்கும்வரை ஒரு நாள்கூட... போதும்.

மே 15, வியாழன்

காக்களூர் போய் வந்தேன். ரிஜ்வானிடம் சொல்லவில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கித் திருவள்ளூர் வண்டிக்கு மாறி, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு யூனிட்டின் மாடியில் பிரின்சியின் அலுவலகம். கீழே மோல்டிங் இயந்திரம் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் மேலே தண்ணீர் பாட்டில் ஆடுகிறது. முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி, மேசை மேல் பாதி சாப்பிட்ட நாஷ்டா. என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"நெய்தல் நகர் மேடமா? நீங்களே வந்துட்டீங்களா? திட்டணும்னா திட்டிடுங்க மேடம். எட்டு ஓனரும் திட்டி முடிச்சிட்டாங்க, உங்களுக்குத்தான் பாக்கி."

திட்ட வரவில்லை, ஆறாம் தேதி காலை எங்கள் கணக்கிலிருந்து என்னென்ன வந்தது என்று பார்க்க வந்தேன் என்றேன். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழுமாம், நேரத்தோடு. திரையில் காட்டினார். ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் எட்டாவது நொடி. அடுத்தது ஒரு நொடி கழித்து. அடுத்தது இரண்டு நொடி. பிறகு நான்கு. எட்டு. பதினாறு. ஒவ்வொரு முறையும் சரியாக இரட்டிக்கிறது. எந்த விரலும் இப்படி அழுத்தாது.

"இது உங்க போன்ல இருந்த பக்கமே தானா அனுப்பினது மேடம். பதில் வரலன்னா கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டு அஞ்சு தடவ மறுபடி அனுப்பும், அப்புறம் விட்டுடும். அப்படி எழுதினது நான்தான். உங்க பக்கம் டவர் வீக். கோரிக்கை இங்க வந்துடுச்சு. நாங்க அனுப்பின பதில்தான் உங்களுக்கு வந்து சேரல."

"வந்து சேர்ந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது."

"தெரியாது மேடம்."

"சரி, திரும்ப அனுப்பட்டும். அதே எண்ணோடுதானே அனுப்ப வேண்டும்? ஆறுக்கும் ஆறு ஆர்டர் எண் எப்படி வந்தது?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எண்ண இங்க சர்வர் போடுது மேடம். வர்றது பழசா புதுசான்னு பாக்காம, வந்ததுக்கெல்லாம் ஒரு புது எண். உங்க போனே எண்ணப் போட்டு அனுப்பணும், நான் இங்க ஒப்பிட்டுப் பாக்கணும். எனக்குத் தெரியாம இல்ல. மொத வேலையிலயே அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. செய்யல. இங்க ஒக்காந்து சோதிச்சேன், ஒரு தடவகூட நெட்டு போகல. ஓடுது, போதும்னு விட்டுட்டேன். அளவுக்கு மேல வந்தா பூட்டறதுகூட ராத்திரி ஒரு தடவதான் எண்ணும். அதுக்குள்ள லாரி கெளம்பிடுச்சு."

தெரிந்தும் பார்க்காமல் விட்டதைத் தானாகவே ஒருவர் சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை. நானே சொன்னதில்லை.

பட்டியலில் ஏழாவது வரி ஒன்று இருந்தது. அவர் திரையை மேலே தள்ளிவிட்டார்.

"கீழே இன்னொன்று இருந்தது" என்றேன்.

"அதுவும் இதே கேஸ்தான் மேடம்."

"நேரம்?"

"ஆறு முப்பத்தொண்ணு."

கீழே மோல்டிங் இயந்திரம் இரண்டு முறை மூடித் திறந்தது. அவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐந்து முறைக்கு மேல் தானாக அனுப்பாது என்றீர்களே."

"ஏதாவது பக் இருக்கும் மேடம். எல்லாமே எங்க தப்புன்னே நான் எழுதித் தந்துடறேன். ஏழும்."

பட்டியலை அச்சடித்துத் தரச் சொன்னேன். தயங்கித் தந்தார். கீழே வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

மே 15, வீடு திரும்பிய பின்

ஆறு முப்பத்தொன்றுக்கு நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். தேநீர் குடித்தேன். இஞ்சி போட்டது. இஞ்சி நினைவிருக்கிறது.

போனில் பழைய குறுஞ்செய்திகளைப் பார்த்தேன். ஆறாம் தேதி காலை இரண்டு ஓடிபி வந்திருக்கிறது. ஆறு பத்துக்கு ஒன்று, ஆறு முப்பதுக்கு ஒன்று. இரண்டாவதைப் போடாமல் ஏழாவது கோரிக்கை போயிருக்க முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

நான்தான் போனைத் திறந்திருக்கிறேன். எண்ணைப் போட்டிருக்கிறேன். லிட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றும் சரியாக, ஒரு தப்பும் இல்லாமல்.

ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. மங்கலாக்கூட இல்ல. அந்த எடத்துல ஒரு வெள்ளத் தாளு மாதிரி இருக்கு. யா அல்லாஹ், இன்னும் எத்தன வெள்ளத் தாளு இருக்கு எனக்குள்ள?

மே 16

தொட்டி அளந்தேன். இரண்டு சாண். அளந்ததை எழுதி வைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். துளசிராமன் எளாவூரிலிருந்து தானே வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். பிரின்சி எழுதிய கடிதத்தை எட்டு உரிமையாளர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏழு ஆர்டரில் கூடுதலான ஆறுக்கும் வலைப்பக்கத்தின் கோளாறே காரணம், செயலாளர் மீது எந்தத் தவறும் இல்லை, கணக்கு திறக்கப்பட்டது, இனி மறு கோரிக்கைகள் ஒரே எண்ணோடு வரும், ஒரே ஆர்டராகவே கொள்ளப்படும்.

அருணாச்சலம் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "நான் ஏதோ தண்ணியில நின்னுக்கினு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன் மேடம். மனசுல வச்சிக்காதீங்கோ" என்றார். துளசிராமன், "மேடம் கோட்டு போட்டுக்கினு வாதாடாத கொற ஒண்ணுதான், அந்தப் பிரின்சியே ஆடிப் போயிடுச்சாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தலையை அசைத்தேன். அச்சடித்த பட்டியல் கைப்பையில் இருந்தது. எடுத்திருக்கலாம்.

மே 19

ரிஜ்வானுக்கு யாரோ கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். "நான் தோத்துட்டேன் உம்மா. நீங்க உங்க ஊட்லயே இருங்க. இனிமே பேச்சே எடுக்க மாட்டேன்" என்றான். குரலில் பாதி நிம்மதி. அவனுக்கும் நான் தவறாக இருப்பதில் விருப்பம் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஜெயித்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

மே 21

மூன்று நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த அறிக்கையை எழுதிய கைதான் இன்னும் இருக்கிறது. அன்று ஒன்றரைப் பக்கம் எழுதி மறைத்தேன், இப்போது தலையை மட்டும் அசைத்து.

ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது முறை அழுத்தியது தவறே இல்லை. 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று வந்தால் யாரும் மறுபடி அழுத்துவார்கள். அழுத்தாமல் விட்டால்தான் தொட்டி காய்ந்திருக்கும். செய்தி அதில் இல்லை. செய்தி, எனக்கு நினைவில்லை என்பதில் இருக்கிறது. அதை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த முறை அடுப்பாக இருக்கலாம்.

மே 22, வியாழன்

காலையில் அருணாச்சலத்தின் வீட்டுக்குப் போய்ப் பட்டியலைக் கொடுத்து, ஏழாவது வரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி வெகு நேரம் பார்த்தார். "இத்த ஏன் மேடம் எனக்குக் காட்றீங்கோ? யாருமே கேக்கலியே" என்றார். பிறகு, "என் ஒய்ஃப் கடைசி காலத்துல என்னையே யாருன்னு கேட்டா. இன்னா பண்றது. நான்தான் சங்கத் தலைவருன்னு சொன்னேன். அப்டியா, அப்ப தண்ணி எப்ப வரும்னு கேட்டா" என்றார். இருவரும் சிரித்தோம். இந்த மனுஷனோடு பதினொரு வருடத்தில் சிரித்தது இதுதான் முதல் முறை.

செயலாளர் பதவியை என்ன செய்வது என்று கேட்டேன். "இருங்கோ. நீங்க அழுத்தறப்போ நான் பக்கத்துல நிக்கறேன். என் கண்ணு சரியில்ல, உங்க ஞாபகம் சரியில்ல. ரெண்டும் சேந்தா ஒரு ஆளு தேறும்."

நான் யோசிக்கிறேன் என்றேன்.

மே 24, சனி

ரிஜ்வானுக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

அன்புள்ள ரிஜ்வான்,

நீ தோற்கவில்லை. நீ பார்த்த கடிதத்தில் ஓர் எண்ணிக்கை தவறு. அது தவறு என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை.

ஏழு ஆர்டரில் ஐந்து இயந்திரம் தானாக அனுப்பியவை. இரண்டு நான் அனுப்பியவை. முதலாவது ஆறு பன்னிரண்டுக்கு. அது தேவையானது. இரண்டாவது ஆறு முப்பத்தொன்றுக்கு. அதை அனுப்பியது எனக்கு நினைவில்லை. இன்று வரை நினைவுக்கு வரவில்லை. பட்டியலும், போனில் வந்த இரண்டு ஓடிபியின் படமும் இத்துடன் இருக்கின்றன. நீயே பார்த்துக்கொள்.

இது முதல் முறையா என்று எனக்குத் தெரியாது. முதல் முறையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே சென்னையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் ஜூன் 3-ஆம் தேதி காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒன்பது மணிக்குள் வந்தால் என்னோடு நீயும் வரலாம். வர முடியாவிட்டால் நான் தனியாகப் போவேன். வழி எனக்குத் தெரியும்.

ஒரு முறைக்கு மேல் அழுத்தியிருந்தால் உன்னோடு வந்துவிடுவேன் என்று சொன்னேன். அழுத்தியிருக்கிறேன். சொன்ன சொல்லைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் என் விருப்பம் இங்கேயே இருப்பது. அதையும் மறைக்கவில்லை. சொல்லும் விருப்பமும் இரண்டும் உன் முன்னால் இருக்கின்றன. நீ முடிவு செய். எதைச் சொன்னாலும் நான் சண்டை போட மாட்டேன்.

போனில் சொல்லாதே. சொன்னது என்ன என்று பிறகு நான் உன்னையே கேட்கும்படி ஆகிவிடலாம். தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு.

உம்மா
மெஹர்னிசா